எழுதிய துணியின் வாழ்நாள்

ஆனி பிறந்துவிட்டால் ஆரல்வாய்மொழியில் கொடியில் காயப்போட்ட துணி கொடியில் நிற்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை தன் தென்கோடியில் சற்றே விலகி வழிவிடும் இடம் இது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் நெருக்குண்டு, விரைவு மிகுந்து, முப்பந்தல் வெளியில் பாய்கிறது. அங்கே காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பதற்குக் காரணம் அதுதான். கணவாய்க்கு மேற்கே தோவாளை, நாகர்கோவில் பக்கம் ஈரம். கிழக்கே பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் வறட்சி. நடுவாசலில் இருக்கும் எங்கள் ஊரில் காற்றின் ஈரப்பதம் பருவத்துக்குப் பருவம் ஏறியும் இறங்கியும் ஆடும்.

பருத்திக்கு இந்த ஆட்டம் நேரே உறைக்கிறது. பருத்தி இழை ஈரத்தை வாங்கினால் பருக்கும், விட்டால் சுருங்கும். வெற்றுத் துணி இதைப் பொறுத்துக்கொள்ளும். ஓவியம் எழுதிய துணிக்கு அது எளிதன்று. துணியும் அதன்மேல் உள்ள வண்ணமும் ஒரே அளவில் பருப்பதில்லை, ஒரே அளவில் சுருங்குவதுமில்லை. இரண்டுக்கும் இடையே ஓயாத இழுபறி நடக்கிறது. கூடவே வெயிலும் புழுதியும் சேர்கின்றன.

கையால் ஓவியம் எழுதிய துணிக் கட்டங்கள் பல வீடுகளில் உள்ளன. சாண் சதுரமும் முழச் சதுரமுமான துண்டுகள். அவற்றை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்துத் தைத்தால் ஒட்டுப்போர்வையாகும், திண்டுறையாகும், சுவர்ச்சீலையாகும். தைத்தால் துவைக்க வேண்டும், துவைத்தால் கரையுமோ என்ற அச்சத்தில் அவை பெட்டிக்குள்ளேயே கிடப்பதும் உண்டு. பயன்படுத்துவதா, பாதுகாப்பதா என்று பலரும் ஏதோ இரண்டில் ஒன்றைத் தேர்வதுபோல் கேட்கிறார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றே: அந்த நிறம் துணியை எப்படிப் பற்றியிருக்கிறது? இழைக்குள் புகுந்திருக்கிறதா, இழையோடு வேதிப் பிணைப்புக் கொண்டிருக்கிறதா, வெறுமனே மேலே படிந்திருக்கிறதா? இது தெரிந்தால் எந்தக் கட்டம் போர்வையாகலாம், எது சுவரில் தொங்கலாம், எது இருட்டில் உறங்க வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் தாமே விளங்கிவிடும்.

இதை அறிய நமக்கு நல்ல ஆசான் சோழமண்டலக் கரையின் கலம்காரித் துணி. தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் இது எழுதப்படுகிறது. நாயக்கர் காலத்திலிருந்து தொடரும் தொழில் இது. கோயில் விழாப் பந்தலுக்கும் தேருக்கும் வேண்டிய தொம்பை, தோரணம், விதானச்சீலை ஆகியவற்றை அங்குள்ள ஓவியர் மூங்கில் எழுதுகோலால் எழுதுகிறார்கள். அரியலூர் மாவட்டத்துக் கருப்பூரையும் சேர்த்து, 'கருப்பூர் கலம்காரி ஓவியங்கள்' என்ற பெயரில் 2021 இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கோடாலிக் கருப்பூரில்தான் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தார் உடுத்த, மெழுகால் எழுதிச் சரிகையோடு நெய்த சேலைகள் ஒருகாலத்தில் உருவாயின.

கலம்காரித் துணியில் நிறம் ஏறும் முறையைக் கூர்ந்து பார்த்தால் அது ஓவியத்தைவிட வேதியியலுக்கே நெருக்கமானது என்பது தெரியும். துணியை முதலில் சாணநீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் உலர்த்தி வெளுக்கிறார்கள். பிறகு கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்க்கிறார்கள். கடுக்காயில் துவர்ப்புப் பொருளான தானின் மிகுதி. அது பருத்தி இழையில் பற்றி நின்று, பின்னால் வரும் இரும்புக்கும் படிகாரத்துக்கும் பிடிமானம் தருகிறது. எருமைப்பாலின் கொழுப்போ எழுதுகோலிலிருந்து இறங்கும் நீர் பக்கவாட்டில் பரவாமல் தடுக்கிறது. பால் இல்லாமல் கோடு இழுத்தால் அது மயிரிழையாய் நிற்காது, கசிந்து பரந்துவிடும்.

கறுப்புக் கோட்டுக்கு வேண்டிய நீர்மத்தை இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையோ கருப்பட்டியையோ தண்ணீரில் இட்டு, நாட்கணக்கில் புளிக்கவிட்டு ஆக்குகிறார்கள். இனிப்பு புளித்துக் காடியாகிறது. காடி இரும்பைக் கரைக்கிறது. அந்தக் கரைசல் மண்டிக்கிடக்கும் பழுப்பு நீர்தான். அதைத் தொட்டுக் கடுக்காய் ஏற்றிய துணியில் கோடிட்டால் கோடு கண்ணெதிரே கறுக்கும். கோலில் இல்லாத கறுப்பு துணியில் பிறக்கிறது. இரும்பும் தானினும் கூடிக் கரையாத கரும்பொருளாக இழையிலேயே உறைந்துவிடுகின்றன.

சிவப்பின் வழி வேறு. சிவப்பு வரவேண்டிய இடத்தில் ஓவியர் முதலில் எழுதுவது படிகாரக் கரைசலை. அதற்கு நிறமில்லை. படிகாரத்தின் அலுமினியம் இழையில் ஊன்றிக்கொண்டு காத்திருக்கும். அதனால் இத்தகைய பொருளை நிறமூன்றி என்கிறோம். பிறகு துணி முழுவதையும் சாயவேரிட்ட நீரில் கொதிக்கவைப்பார்கள். சாயவேரின் நிறப்பொருளான அலிசரின், அலுமினியம் உள்ள இடத்தில் மட்டும் பிணைந்து சிவக்கும். மற்ற இடத்தில் படியும் மங்கல் நிறம் அலசலிலும் வெயிலிலும் நீங்கிவிடும். நீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் சிவப்பு இன்னும் உறுதியாகும். சோழமண்டலக் கரையிலும் இராமேசுவரத்திலும் யாழ்ப்பாணம், மன்னார் மணற்பரப்பிலும் விளைந்த சாயவேர்க்கு இருந்த மதிப்பு சிறிதன்று. இலங்கையில் அதைத் தோண்டும் உரிமையை ஒல்லாந்தர் தம் கையில் வைத்திருந்தனர். 1868 இல் கிரேபெ, லீபர்மான் என்ற இரு செருமானிய வேதியியலார் அலிசரினை ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். அதன்பின் வேருக்கு இருந்த வணிகம் சரிந்தது.

நீலத்துக்கு அவுரி. அவுரி நீலம் நீரில் கரையாது. தொட்டியில் புளிக்கவைத்து உயிர்வளியை நீக்கினால் அது கரையும் வடிவுக்கு மாறும். அந்த நிலையில் இழைக்குள் புகும். துணியை வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் மீண்டும் கரையாத நீலமாகி உள்ளேயே சிறைப்படும். நீலம் வேண்டாத இடம் முழுவதையும் மெழுகால் மூடிவிட்டுத்தான் துணியைத் தொட்டியில் அமிழ்த்துவார்கள். மஞ்சளோ கடைசியில் வருவது. கடுக்காய்ப்பூ, மாதுளந்தோல், மஞ்சள்கிழங்கு போன்றவற்றின் சாற்றை மேலே எழுதுவார்கள். நீலத்தின்மேல் மஞ்சள் எழுதினால் இலை பச்சையாகும்.

நான்கு நிறமும் நான்கு விதமாகத் துணியோடு உறவு கொண்டவை. எனவே முதுமையும் நான்கு விதமாகவே வருகிறது. பழைய கலம்காரித் துணியொன்றை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பவர்க்கு இது உடனே தெரியும். பூவின் இதழ் இன்னும் சிவந்திருக்கும். இழைகள் மழமழவென்று முழுதாய் இருக்கும். இலைகள் எல்லாம் நீலமாகக் கிடக்கும். ஓவியன் நீல இலை எழுதவில்லை, மேலிருந்த மஞ்சள் ஒளிபட்டு ஓடிவிட்டது. இதழைச் சுற்றிய கறுப்புக் கோடு இருந்த இடத்தில் கோட்டின் வடிவிலேயே ஒரு பிளவு இருக்கும். கத்தியால் அறுத்தாற்போன்ற பிளவு. எலியோ பூச்சியோ கடித்தால் இவ்வளவு ஒழுங்காய்க் கடிக்காது.

அந்தப் பிளவை உண்டாக்கியது கறுப்பே. பருத்தி இழை என்பது குளுக்கோசு அலகுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்த நெடுஞ்சங்கிலி. இரும்புக் கரைசலோடு வந்த புளிப்பு அந்தக் கோப்பை ஈரம் உள்ளபோதெல்லாம் சிறிது சிறிதாக அறுக்கிறது. இரும்பு அயனியோ காற்றின் உயிர்வளியைத் தூண்டி, சங்கிலியைத் தாக்கும் கொடிய மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. தான் செலவாகாமல் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. ஐரோப்பியரின் பழைய இரும்பு மையால் எழுதிய ஏடுகள் எழுத்தின் வடிவிலேயே உதிர்வதும், நியூசிலாந்து மாவோரி மக்களின் மேலாடைகளில் சேற்றில் தோய்த்துக் கறுப்பேற்றிய நார் மற்ற நாருக்கு முன்பே பொடியாவதும் இதே வினையால்தான். ஈரப்பதம் மிகுந்த நாட்டில் இந்த வினை விரைந்து நடக்கும்.

ஆகவே கலம்காரிக் கட்டம் ஒன்றைப் போர்வையில் வைக்கலாமா என்று கேட்பவர் முதலில் பார்க்க வேண்டியது கறுப்புக் கோட்டை. கோட்டின் மேல் பஞ்சுத் துணுக்கை மெல்ல ஒற்றினால் கரும்பொடி வருகிறதா, கோட்டோரத்தில் இழை பிரிகிறதா என்று பார்க்கலாம். வருமானால் அந்தத் துணி மடிப்புக்கும் இழுப்புக்கும் உரியதன்று. சிவப்பின் உறுதியை நம்பிப் பயன்படுத்தினால் கறுப்பு முதலில் போகும். கறுப்புப் போனால் ஓவியத்தின் எலும்பே போகும்.

வெட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதிய துணியை வெட்டித் தைப்பது இன்று தோன்றிய ஆசை அன்று. இங்கிலாந்தின் வடமேற்கே கம்பிரியாவில் லெவன்சு ஆல் என்னும் பழைய மாளிகையில் ஒட்டுப்போர்வை ஒன்று இருக்கிறது. 1708 ஆம் ஆண்டளவில் தைத்தது என்பது வழிவழிச் செய்தி. அது முழுவதும் சீட்டி என்னும் இந்திய வண்ணப் பருத்தித் துணியை வெட்டி இணைத்தது. ஆங்கிலேயர் நாட்டில் இன்று எஞ்சியிருக்கும் ஒட்டுப்போர்வைகளில் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. அக்காலத்தில் இந்தியத் துணிக்கு அங்கே கடும் எதிர்ப்பு. கம்பளியும் பட்டும் நெய்வோரின் முறையீட்டால், வண்ணமேற்றிய இந்தியத் துணியை இங்கிலாந்துக்குள் விற்பனைக்குக் கொண்டுவரத் தடை வந்தது. 1721 ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய பருத்தித் துணியை உடுப்பதையும் வீட்டுப் பயனுக்குக் கொள்வதையும்கூடத் தடுத்தது. பிரான்சில் 1686 தொடங்கி 1759 வரை தடை நின்றது. கிடைத்த துண்டு ஒவ்வொன்றும் அருமையாயிற்று. ஒரு விரல் அகலத்தையும் வீசியெறியாமல் தைத்து வைத்தார்கள்.

யப்பானியரும் இதே அருமையைப் போற்றினர். இகோனே ஊரை ஆண்ட ஈ குடும்பத்தார் வழிவழியாகக் காத்த துணித்துண்டுத் தொகுதி இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறத்தாழ 450 துண்டுகள், பெரும்பாலும் இந்தியச் சீட்டி. முழுத் துணிகள் உடுத்தும் துவைத்தும் மறைந்துவிட்ட நிலையில், துண்டுகளாய் இருந்தமையால் இவை தப்பின என்பதை எவரும் மறுக்க முடியாது.

எனினும் இதைக் காட்டி எல்லாவற்றையும் வெட்டலாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பூவும் கொடியும் திரும்பத் திரும்ப வரும் சீட்டியில் ஒரு துண்டு முழுமையின் பெரும்பகுதியைத் தன்னுள் கொண்டிருக்கிறது. கதை எழுதிய துணி அப்படியன்று. நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் 1914 இல் வாங்கிய சோழமண்டலச் சீலை ஒன்று ஏழு பலகங்களாக இருக்கிறது. 1610 முதல் 1640 வரையிலான காலத்தது. ஒவ்வொரு பலகத்திலும் வேறு வேறு நாட்டு மக்கள், அவர்தம் உடை, அவை, மாடம். ஏழையும் ஒருசேரப் பார்த்தால்தான் அக்காலத்துத் தென்னிந்தியத் துறைமுகங்களில் கூடிய உலகம் தெரிகிறது. ஒன்றை மட்டும் தனியே எடுத்து மாட்டினால் தொப்பியணிந்த சில வெள்ளையர் நிற்பதுதான் தெரியும். இராமகாதையை வரிவரியாக எழுதி அடியில் விளக்கமும் எழுதிய கோயில் சீலையைக் கட்டங்களாக வெட்டினால், ஓவியம் மிஞ்சும், கதை அழியும். கோயில் வழக்கில் தொம்பை நைந்தால் களைந்துவிட்டுப் புதிது எழுதுவிப்பார்கள். அதனால் பழையவை மிஞ்சுவதே அரிது. அப்படி மிஞ்சியது கிழிந்திருந்தாலும் வெட்டக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கிழிந்த துணிக்கு அடியில் நல்ல பருத்தித் துணி கொடுத்து, கிழிசலைச் சுற்றிப் பிடித்துத் தைத்து, பாரத்தை அடித்துணி தாங்கும்படி செய்தால் போதும்.

வெட்டித் தைக்க ஆசையுள்ளோர் தைப்பதற்கென்றே புதிதாக எழுதுவிக்கலாம். கட்டத்தின் அளவும் தையலுக்கு விடவேண்டிய ஓரமும் ஓவியருக்கு முன்னரே தெரிந்தால், கறுப்புக் கோடு தையலில் படாதபடி அவரே எழுதித் தருவார். தொழிலுக்கும் அது வருவாய்.

இனி நம் வீடுகளில் மிகுதியாக இருப்பது வேறொரு வகை. கடையில் சிறு குப்பிகளில் கிடைக்கும் துணி வண்ணத்தால் எழுதியவை. எங்கள் தெருவில் ஒரு மயினி இளமையில் எழுதிய கட்டங்களை எடுத்துக் காட்டினார்கள். மல் துணியில் தாமரை, மயில், சுசீந்திரம் தேர். "இத வெட்டித் தைக்கவா, இல்ல பெட்டியிலயே வச்சிரவா?" என்று கேட்டார்கள். கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலையில் ஓர் ஊக்குக் குத்தி வைத்திருந்தார்கள். ஊக்கு துருப்பிடித்து, அதைச் சுற்றி வெற்றிலைக் காவி போன்ற வட்டம் விழுந்திருந்தது. வட்டத்தின் நடுவில் துணியே இல்லை. மயிலை மேலிருந்த தாமரையிலிருந்து பிரித்தபோது, மயிலின் கழுத்து நீலம் தோலாக உரிந்து தாமரையின் முதுகில் ஒட்டிக்கொண்டது.

இரண்டுக்கும் காரணம் உண்டு. துருவின் வேலை முன்னர்ச் சொன்ன இரும்பின் வேலையே. மயிலின் கழுத்து உரிந்ததற்குக் காரணம் அக்ரிலிக். இந்த வண்ணங்களில் நிறமித் துகள்களை ஏந்தி நிற்பது அக்ரிலிக் என்னும் பல்லுறுப்புப் பொருளின் நுண்துளிகள். அவை நீரில் மிதக்கின்றன. நீர் ஆவியானதும் துளிகள் நெருங்கி ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து மெல்லிய படலமாகின்றன. இங்கே நிறம் இழைக்குள் புகவில்லை, இழையோடு பிணையவுமில்லை. படலம் இழைகளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. துணியின் மடிப்புக்கு இசைய வேண்டும் என்பதற்காக அந்தப் படலத்தை மென்மையாகவே செய்கிறார்கள். அறை வெப்பத்திலேயே இளகிய தன்மையுள்ள பொருள் அது. சித்திரை வெக்கையில், அடுக்கின் பாரத்தில், படலமும் படலமும் ஒட்டிக்கொள்ளாமல் இருந்தால்தான் வியப்பு. மயினியிடம் நான் சொன்னது: தேரையும் தாமரையையும் தைத்துவிடுங்கள், மயிலை இப்படியே வையுங்கள், எதையும் இன்னொன்றின் முகத்தில் படவிடாதீர்கள்.

அக்ரிலிக் கட்டங்களைப் பொறுத்தவரை நான் பயன்பாட்டின் பக்கம். அவை பெட்டியில் கிடந்தாலும் ஒட்டியும் தூசு பற்றியும் கெடத்தான் செய்யும். இளகிய படலம் புழுதியைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும், எங்கள் ஊர்க் காற்றில் புழுதிக்கும் குறைவில்லை. தைத்து, நாலு பேர் கண்ணில் படும்படி வைத்திருப்பதே அவற்றுக்கு ஏற்றது. ஆனால் தைக்கும் முறையில் அறிவு வேண்டும்.

வெறும் துணியில் ஊசி நுழையும்போது இழைகள் விலகி வழிவிட்டுப் பிறகு கூடிக்கொள்ளும். படலத்தில் ஊசி ஏறினால் துளை துளையாகவே நிற்கும். ஆகவே போர்வையின் அடுக்குகளைப் பிணைக்கும் ஓட்டுத்தையலை ஓவியத்தின் குறுக்கே ஓட்டாமல், அதன் புறவரையைச் சுற்றி, வண்ணம் படாத துணியில் ஓட்ட வேண்டும். நூல் பருத்தியாயிருக்கட்டும்; துணியைவிடச் சற்று வலிமை குறைந்ததாகவும் இருக்கட்டும். இழுப்பு வரும்போது அறுவது நூலாக இருந்தால் மறுபடி தைத்துக்கொள்ளலாம். பாலியெஸ்டர் நூல் அறாது, அது துணியை அறுக்கும். உள்ளே வைக்க இலவம்பஞ்சு நம்மிடம் எளிதில் கிடைப்பது. அதன் இழை உள்ளீடற்ற குழல், மேலே மெழுகுப்பூச்சு உடையது. ஆகையால் இலேசாகவும் ஈரம் எளிதில் ஏறாமலும் இருக்கும். ஆனால் வழுவழுப்பால் ஒன்றையொன்று பற்றாது, ஓரிடத்தில் திரண்டுவிடும். கட்டந்தோறும் சுற்றுத்தையல் நெருக்கமாக இருந்தாலன்றி இலவம்பஞ்சு போர்வைக்கு ஆகாது. தைக்கும் துணிகள் எல்லாவற்றையும் முன்னரே அலசிச் சுருங்கவிட்டுக்கொள்ள வேண்டும்; ஓவியக் கட்டத்தின் முகத்தில் ஈர வெள்ளைத் துணியை அழுத்தி ஒற்றி, நிறம் இறங்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே அதை நனைக்கலாம். இறங்கினால் அந்தக் கட்டத்தைக் கழற்றக்கூடிய உறையாக மட்டும் தைத்துக்கொள்வது நன்று.

ஒளியைப் பற்றி ஒரு கணக்கு. அருங்காட்சியகங்கள் துணி ஓவியத்துக்கு வைக்கும் ஒளி 50 லக்ஸ் அளவு. கண் பழகினால்தான் நிறம் தெரியும் மங்கல். அகமதாபாத்தின் காலிகோ துணி அருங்காட்சியகத்துக்குச் சென்றவர்கள் அந்த மங்கலை அறிவார்கள். நண்பகல் வெயிலோ ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். ஒளியால் வரும் கேடு ஒளியின் அளவையும் காலத்தையும் பெருக்கி வருவது. ஆகவே போர்வையை ஒரு மணி நேரம் நண்பகல் வெயிலில் போடுவது, அருங்காட்சியகத்தில் நாளொன்றுக்கு 8 மணி வீதம் 250 நாள் காட்சிக்கு வைப்பதற்குச் சமம். வெயிலிலுள்ள புறஊதாக் கதிரைக் கணக்கில் சேர்த்தால் கேடு இன்னும் மிகும். எழுதிய போர்வையை நிழலில்தான் உலர்த்த வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

எந்த நிறம் எவ்வளவு தாங்கும் என்பதை வீட்டிலேயே அறியலாம். அதே வண்ணத்தைத் துண்டுத் துணியில் எழுதி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, சன்னலோரம் சில கிழமைகள் வைத்துவிட்டுத் தாளை எடுத்துப் பார்த்தால் இரு பாதியும் உண்மை சொல்லும். ஆய்வகங்களில் இதையே எட்டுப் படியுள்ள நீலக் கம்பளி அளவுகோலை அருகில் வைத்துச் செய்கிறார்கள். இன்றைய வண்ணங்களில் தாலோசயனின் வகை நீலமும் பச்சையும் நெடுங்காலம் நிற்பவை. கண்ணைப் பறிக்கும் ஒளிர்வண்ணங்களோ விரைவில் வெளுப்பவை. நிலைக்க வேண்டிய ஓவியத்தில் அவற்றைத் தொடவே கூடாது.

வைத்துக் காக்க வேண்டியவற்றுக்கு முதற்பகை மடிப்பு, அடுத்தது ஈரம். மடித்த இடத்தில் இழை ஒடிகிறது. ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் மடிப்புக் கோடே கிழிசலாகும். சிறு கட்டங்களைத் தட்டையாகப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் இடையே தாள் வைப்பதே தக்கது. அக்ரிலிக் ஆனால் சிலிக்கான் பூசிய சமையல் தாள், கலம்காரியானால் அலசிக் கஞ்சி போக்கிய வெள்ளைத் துணி. செய்தித்தாள் வேண்டவே வேண்டா. அதன் புளிப்புத் துணிக்கு இறங்கும். பெரிய சீலையைப் பருமனான அட்டைக் குழலுக்கு வெள்ளைத் துணி சுற்றி, ஓவிய முகம் வெளிப்பக்கம் வரும்படி உருட்ட வேண்டும்.

கஞ்சி போட்ட துணியை ஒருபோதும் பெட்டியில் வைக்கக் கூடாது; இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் கஞ்சி விருந்து. பாச்சை உருண்டையின் ஆவி துணியில் படியும், நம் மூச்சுக்கும் கேடு. வசம்புத் துண்டையோ உலர்ந்த வேப்பிலையையோ துணியில் நேரே படாமல் சிறு பையில் கட்டிப் போடுவது நம் வீட்டு வழக்கம். அதற்கு மேலான காவல் ஆண்டுக்கு இருமுறை திறந்து பார்ப்பதே. ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நெடுநாள் நின்றால் பூஞ்சை முளைக்கும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரு பருவமழையும் உண்டு. ஆகவே பெட்டியைத் திறந்து காற்றாட விட ஏற்ற காலம் தை, மாசி; ஆனியிலும் ஐப்பசியிலும் திறவாதிருப்பது நலம். இரும்புப் பீரோவை மழைச் சாரல் அடிக்கும் புறச்சுவரை ஒட்டி வைத்தால் உள்ளே வியர்க்கும். உள்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும்.

இவ்வளவும் துணியைக் காக்கும் வழி. துணியை எழுதிய அறிவைக் காக்கவும் ஒரு வழி உண்டு. அதை 1734 ஆம் ஆண்டளவில் புதுச்சேரிக்கு வந்த பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அலுவலர் செய்து காட்டினார். துய்ஃபே என்ற வேதியியலார் கேட்டுக்கொண்டபடி, உள்ளூர் ஓவியர் ஒருவரைத் தம் முன்னே ஒரு சீட்டித் துணியை எழுதச் செய்தார். ஒவ்வொரு படி முடிந்ததும் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு ஒட்டி வைத்தார். பதினொரு துண்டுகள். கடுக்காய் ஏறிய வெளிர்மஞ்சள் துணியிலிருந்து நிறம் முற்றிய துணிவரை அனைத்தும் பாரிசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியக நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்குப் பின், 1742 இல், கேர்து என்ற இயேசு சபைக் குரு இதே தொழிலைப் பற்றி நெடிய மடல் எழுதினார். அதன் நோக்கம் ஐரோப்பியர் தாமே இத்துணியைச் செய்யக் கற்பது. நம் தொழிலுக்கு அது நன்மையாய் முடியவில்லை. ஆனாலும் நம் ஓவியரின் கைமுறையைப் படிப்படியாகக் கண்ணால் காணப் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து நமக்கு மிஞ்சியிருப்பவற்றுள் அந்தத் துண்டுகளுக்கு நிகரானவை அரியன. துணியை எழுதிய அந்த ஓவியரின் பெயரை மட்டும் பொலியே எழுதி வைக்கவில்லை.

சிக்கல்நாயக்கன்பேட்டையில் எழுதப்படும் ஒவ்வொரு பெருஞ்சீலைக்கும் இத்தகைய படிநிலைத் துண்டுகளை எடுத்து, எழுதியவர் பெயரோடு மாவட்ட அருங்காட்சியகத்தில் வைக்கும் ஏற்பாடு வேண்டும். அதற்குப் பெருஞ்செலவில்லை. வீட்டில் எழுதுவோர்க்கும் இது எளிது. கட்டத்தை எழுதும்போதே அதே துணியில் நான்கு விரல் அகலத் துண்டொன்றை வைத்துக்கொண்டு, பயன்படுத்திய ஒவ்வொரு வண்ணத்தையும் ஒரு தீற்றல் தீற்றி, அருகில் வண்ணத்தின் பெயர், துணியின் வகை, எழுதியவர், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதினால் போதும். மை ஊறும், பென்சில் கரி ஊறாது. போர்வை தைத்தால் அந்தத் துண்டை அடித்துணியின் மூலையில், ஒளி படாத பக்கம், எளிதில் பிரிக்கும்படி நாலு தையலில் பிடித்துவிடலாம். பிற்காலத்தில் எவரேனும் அதைத் துவைக்க எண்ணினால் முதலில் நனைத்துப் பார்க்க வேண்டியது அந்தத் துண்டைத்தான்.